கடவுச்சொல்லும் கடமையும்

1962ஆம் ஆண்டு. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறை அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் அப்போதுதான் வழக்கத்துக்கு வந்திருந்தது. ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ தலைமையில் உருவான அந்த அமைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. இத்தனை மணி நேரம்தான் என்ற அளவும் உண்டு. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரம் 4 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதிய நிரல்களுக்கு அது போதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பினை அச்சிட்டுத் தருமாறு ஒரு துளையட்டையைக் கொடுத்துவிட்டுச் சென்றார். சனிக்கிழமை காலை வந்து, அச்சுப்படிகள் வைக்கும் அலமாரியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொண்டார். பிறருடைய கணக்குகளில் நுழைந்து தம் வேலையைத் தொடர்ந்தார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவரே இதனை ஒப்புக்கொண்டார்.

கணினி வரலாற்றில் பதிவாகியுள்ள மிகப் பழைய கடவுச்சொல் திருட்டுகளுள் இதுவும் ஒன்று. இதில் பணத்தாசை இல்லை, பகையும் இல்லை. எடுத்த வேலை முடியவேண்டுமே என்ற தவிப்பு மட்டுமே இருந்தது. கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேசப்படும்போதெல்லாம், விதிகளை மீறுவோரைச் சோம்பேறிகள் என்றோ அறியாதவர்கள் என்றோ வகைப்படுத்திவிட்டு நாம் நிம்மதி அடைகிறோம். வேலையின்மீது அக்கறை மிகுந்ததால் மீறுபவர்கள் என்று மூன்றாவது வகையினர் இருப்பதை மறந்துவிடுகிறோம். அன்றாட அலுவலக வாழ்வில் நிகழும் மீறல்களில் கணிசமான பகுதி இவர்களுடையது என்பதே நம் கருத்து.

மருத்துவமனைகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மருத்துவமனைகளில் பணியாளர்கள் கணினிக் காவலை எவ்வாறு ஏய்க்கிறார்கள் என்பதை ராஸ் காப்பலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் விரிவாக எழுதியுள்ளனர். எதிரில் ஆள் இல்லை என்று உணர்ந்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும் கணினிகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. பணியாளர்கள் அந்த உணர்கருவியின்மேல் தெர்மோகோல் குவளையைக் கவிழ்த்து வைத்தார்கள். கணினி பூட்டிக்கொள்ளாமலிருக்க, குழுவில் மிகவும் இளையவர் அவ்வப்போது ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் நோயாளிக்கும் கணினிக்கும் இடையே நூறு முறை நடக்கும் ஒரு செவிலியரின் இடத்தில் நின்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். அவர் மருத்துவமனைக்கு வந்தது நோயாளியைக் கவனிக்க. கணினியைக் கவனிக்க அன்று.

எங்களுள் ஒருவர் பணிபுரிந்த அலுவலகத்தில் தொண்ணூறு நாட்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி என அத்தனையும் அதில் இருக்கவேண்டும். நண்பர் தம் மகளின் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எண் ஒன்று கூடும். எண் எத்தனையில் நிற்கிறது என்பது மட்டும் மறந்துபோகும் என்பதால், அதனை மேசை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். நம் ஊர்களில் வீட்டைப் பூட்டிச் சாவியை மாடப்பிறையில் வைத்துவிட்டுப் போகும் பாட்டிகளை நாம் அறிவோம். பள்ளியிலிருந்து வரும் பேரப்பிள்ளை வாசலில் நிற்கக்கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. நாட்காட்டியில் எண்ணைக் குறித்த நண்பரின் கவலையும் அத்தகையதே. திங்கட்கிழமை காலை உள்ளே நுழைய முடியாமல் உதவிப் பிரிவின் தொலைபேசியில் அரை மணி நேரம் காத்திருக்க அவருக்கு விருப்பமில்லை.

இத்தகைய விதிகள் வந்த வழியும் சுவையானது. 1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து, அவற்றுள் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை எனக் காட்டினர். மனிதர்களைத் தம் போக்கில் விட்டால் இப்படித்தான் என்று வல்லுநர்கள் முடிவுகட்டியதில் வியப்பில்லை. 2003இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பணியாற்றிய பில் பர், கடவுச்சொற்களுக்கான வழிகாட்டுதலை எழுதினார். கலப்பு எழுத்துகளும் காலக்கெடுவும் உலகெங்கும் அலுவலக விதிகளாக நிலைபெற்றதில் அந்த ஆவணத்துக்குப் பெரும் பங்குண்டு. 2010இல் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தார்கள். ஒருவரின் பழைய கடவுச்சொல் தெரிந்தால், புதியவற்றில் 41 விழுக்காட்டைக் கணினியின் துணையோடு சில நொடிகளில் கண்டுபிடித்துவிட முடிந்தது. எங்கள் நண்பரின் மகள் பெயரும் ஏறுமுக எண்ணும் அவர் ஒருவரின் தந்திரமல்ல என்பது இதனால் விளங்கும். 2017இல் நிஸ்ட் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. கடவுச்சொல் களவு போனதற்கான அறிகுறி இருந்தாலன்றி மாற்றச் சொல்லவேண்டாம், கலப்பு எழுத்துகளை வற்புறுத்தவேண்டாம், நீளமான சொற்றொடரை அனுமதியுங்கள் என்றது. தாம் முன்பு எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பணி ஓய்வு பெற்றுவிட்ட பில் பர் அதே ஆண்டு கூறினார். ஒரு வல்லுநர் இவ்வாறு வெளிப்படையாக வருந்துவது அரிது. அவரை நாம் மதிக்கிறோம்.

அவர் வருந்துவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1999இல் ஆன் ஆடம்ஸும் ஏஞ்சலா சாஸும் பயனரைப் பகைவராக எண்ணுவதுதான் பிழையின் வேர் என்று எழுதினார்கள். பாதுகாப்புக்காக ஒரு பணியாளர் செலவிடச் சம்மதிக்கும் முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. அது மாதச் சம்பளத்தைப் போலத் தீர்ந்துபோகக்கூடியது என்ற பொருள்பட சாஸும் சகாக்களும் 2008இல் வாதிட்டனர். மறு ஆண்டு கார்மக் ஹெர்லி இன்னும் ஒரு படி மேலே சென்றார். அறிவுரைகளின் சுமை அனைவர்மீதும் நாள்தோறும் விழுகிறது. அவை தடுக்கும் கேடோ சிலருக்கே நேர்கிறது. ஆகவே அறிவுரையைப் புறக்கணிக்கும் பயனர் அறிவற்றவர் அல்லர், கணக்குப் பார்த்தவரே என்பது அவர் வாதம்.

நிர்வாகவியலில் டக்ளஸ் மக்கிரெகர் 1960இலேயே இரு வகைப் பார்வைகளைப் பிரித்துக் காட்டினார். மனிதன் இயல்பிலேயே வேலையைத் தட்டிக்கழிப்பவன், அவனைக் கண்காணித்தே வேலை வாங்கவேண்டும் என்பது ஒரு பார்வை. தக்க சூழல் அமைந்தால் அவன் தானே பொறுப்பேற்பான் என்பது மற்றொன்று. பல அலுவலகங்கள் பணியாளர் மேம்பாடு பற்றிப் பேசும்போது இரண்டாவதைப் பேசுகின்றன. கணினிப் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் முதலாவதற்குத் திரும்பிவிடுகின்றன.

திருடர்கள் நம் ஆசைகளை நன்கு படித்தவர்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் காதல் கடிதம் என்ற வேடத்தில் வந்த மின்னஞ்சல் உலகெங்கும் எத்தனை கணினிகளைப் பாழாக்கியது என்பதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். காவலர்களும் அதே ஆசைகளைக் கொண்டு பணியாளர்களைச் சோதிக்கத் தொடங்கியபோது என்ன ஆயிற்று? 2020 டிசம்பரில், பெருந்தொற்றின் நடுவே, கோடாடி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 650 டாலர் பண்டிகை ஊக்கத்தொகை தருவதாக ஒரு மின்னஞ்சலை அனுப்பியது. நம்பி விவரங்களைக் கொடுத்த சுமார் 500 பேருக்கு, அது ஒரு சோதனை என்றும் அவர்கள் தோற்றுவிட்டார்கள் என்றும் பிறகு தெரிவிக்கப்பட்டது. கண்டனம் எழுந்தபின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு ஒருபுறம் இருக்கட்டும். தம் நிறுவனம் தமக்கு நல்லது செய்யும் என்று நம்பியதுதான் அந்த ஐந்நூறு பேர் செய்த தவறு. இனி அந்த நிறுவனத்திலிருந்து உண்மையான நற்செய்தி வந்தாலும் அவர்கள் எப்படித் திறப்பார்கள்? ஐயத்தோடு திறந்த ஒரு கோப்பைப் பற்றி மேலதிகாரியிடம் உடனே போய்ச் சொல்ல அவர்களுக்கு மனம் வருமா? தவறை மறைக்கும் பணியாளரைக் காட்டிலும் பெரிய ஓட்டை எந்த வலையமைப்பிலும் இருக்க முடியாது.

அப்படியானால் விதிகளே வேண்டாமா என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. ஒருவரின் கவனக்குறைவால் நூறு பேரின் சேமிப்பு கரையக்கூடும். குவளை கவிழ்க்கப்பட்ட அந்தக் கணினியில் யாரோ ஒரு நோயாளியின் அந்தரங்கமும் இருக்கிறது. பூட்டு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பூட்டைச் செய்பவர், கதவைத் திறக்கப்போகிறவரின் கையையும் அவசரத்தையும் கண்டறிந்தபின் செய்யவேண்டும் என்பதே நாம் வேண்டுவது. அது இயலாத காரியமல்ல. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் செய்திகள் அனைத்தையும் முனைக்கு முனை மறையாக்கம் செய்தபோது நூறு கோடிப் பயனர்களில் எவரும் புதிதாக ஒன்றைக் கற்கவேண்டியிருக்கவில்லை. கூகுள் நிறுவனம் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கணினியில் செருகும் சிறு சாவி ஒன்றைத் தந்தபின், போலி மின்னஞ்சலால் எவருடைய பணிக்கணக்கும் பறிபோனதாகத் தெரியவில்லை என 2018இல் அறிவித்தது. இரண்டிலும் மனிதரைத் திருத்தும் முயற்சி இல்லை. வேலை நடக்கும் பாதையிலேயே பாதுகாப்பு வைக்கப்பட்டது.

இவையெல்லாம் புதிய ஞானமும் அல்ல. 1883இல் அகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்னும் மொழிப் பேராசிரியர் இராணுவ மறையெழுத்துக்கு ஆறு நிபந்தனைகளை வகுத்தார். கடைசி நிபந்தனை இதுதான்: முறை எளிதாக இருக்கவேண்டும், மனத்தை வருத்தக்கூடாது, நீண்ட விதிப்பட்டியலை நினைவில் வைக்கும்படி செய்யக்கூடாது. போர்க்களத்தில் களைத்திருக்கும் வீரனை மனத்தில் வைத்து அவர் எழுதியிருக்கக்கூடும். மாத இறுதிக் கணக்கை முடிக்க இரவு ஒன்பது மணிக்கும் அலுவலகத்தில் இருக்கும் எழுத்தருக்கும் அது பொருந்தும்.

அடுத்த முறை ஒருவருடைய மேசையில் கடவுச்சொல் எழுதிய துண்டுச்சீட்டைக் கண்டால், அவரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதும் முன் அவரிடமே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இந்தச் சீட்டு இல்லையென்றால் உங்கள் எந்த வேலை நின்றுபோகும்? அவர் சொல்லும் விடையிலிருந்து விதியைத் திருத்தத் தொடங்கலாம்.