ஊசி போடக் கற்றால் போதுமா?

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது பழமொழி. அதற்காக, புற்றுநோயாளியின் துயரை அறிய ஒருவர் அந்நோயை வரவழைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. ஆனால் அரை மணி நேரம் நோயாளியாக நடிக்க முடியும். ஆகவே செவிலியர் பயிற்சியில் நாடகத்துக்கும் இடம் வேண்டும் என்கிறோம்.

எங்களுக்கு இந்த எண்ணம் வந்த விதத்தைச் சொல்கிறோம். இங்கே கன்னிவாடியில், எங்களுக்குத் தெரிந்த அத்தை ஒருவர் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். தோழியர் நால்வர் பார்க்கப் போனோம். முடி உதிர்ந்த தலையில் முக்காடு. என்ன பேசுவதென்று தெரியாமல், ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு, "சீக்கிரம் சரியாயிடும் அத்தை" என்று கூறி ஓடி வந்துவிட்டோம். அந்த மருந்தினால் அவருக்கு வாயெல்லாம் புண், புளிப்பைத் தொடவே முடியாது என்று பிறகுதான் அறிந்தோம். அத்தையோ பழத்தை வாங்கிக்கொண்டு சிரித்தார். "சாப்பிட முடிகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என இன்றும் வெட்கப்படுகிறோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரமே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தோன்றக் காரணமாயிற்று. அருகிலிருந்து கண்ட வேதனை அவருக்கு ஆசானாக இருந்தது. எல்லா மாணவியரும் அப்படி ஓர் இழப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

அமெரிக்காவில் மார்கரெட் எட்சன் என்ற பள்ளி ஆசிரியை 'விட்' என்னும் நாடகத்தை எழுதினார். அது 1995-இல் மேடையேறி, 1999-இல் புலிட்சர் பரிசு பெற்றது. புற்றுநோய் கண்ட ஒரு பேராசிரியையின் கதை அது. அவரை மருத்துவர்கள் ஓர் ஆராய்ச்சிப் பொருளாகவே பார்க்க, செவிலி ஒருத்தி மட்டும் மனுஷியாகப் பார்க்கிறாள். அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அந்நாடகத்தை நடித்துக் காட்டி, பிறகு மாணவர்களை அதுபற்றிப் பேச வைத்தார்கள்.

நமக்கு நம் ஊர்க் காட்சிகளே போதும். நம் வீடுகளில் நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பது வழக்கம். "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று மகன் கெஞ்சுகிறான். அவன் வெளியே போனதும் அந்தத் தாய், "சிஸ்டர், எனக்கு என்ன வியாதி? நீயாவது சொல்லும்மா" என்று கேட்கிறாள். செவிலி என்ன சொல்வாள்? பாடப்புத்தகத்தில் படித்தால் மட்டும் இதற்குப் பதில் வந்துவிடாது. நடித்துப் பார்க்கையில் தவறாகச் சொன்னாலும் யார் மனமும் புண்படாது, மறுபடி முயலலாம். செவிலியாக நடித்தவளே அடுத்த முறை படுக்கையில் படுக்கட்டும். தலைக்கு மேல் நின்று பேசுவதற்கும் பக்கத்தில் அமர்ந்து பேசுவதற்கும் உள்ள வேறுபாடு அப்போது விளங்கும். இந்நோய் தொற்றாது என்று தெரிந்தும் தனி டம்ளர் வைத்தால் எப்படி வலிக்கும் என்பதும் புரியும்.

"நடிப்பு பொய்தானே? பொய்யால் அன்பு வளருமா?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். உள்ளத்தில் இல்லாத இரக்கத்தை நாடகம் உண்டாக்கிவிடாது. ஆனால் எங்கள் உள்ளத்தில் அன்று இரக்கம் இருந்ததே! அதை வெளியிடும் வழிதான் தெரியவில்லை. அந்த வழியைப் பழக்குவதே நாடகத்தின் வேலை.

எங்களில் சிலர் நாளை செவிலியர் ஆகலாம். மற்றவர் வீட்டிலேயே நோயாளியைப் பேண நேரலாம். ஆகவே, அன்புத் தோழியரே, அடுத்த ஆண்டு விழாவில் இப்படியொரு நாடகத்தை நாமே நடிப்போம். அத்தையை முன்வரிசையில் அமர்த்துவோம். அதற்குமுன் ஒருநாள், பழக்கூடை இல்லாமல் போய், அவர் அருகில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி