தொட்டியில் மீன் பெருகும், சல்லி பெருகுமா?

நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று கான்களில் விடப்பட்ட கப்பி மீன்களைச் சிறுவயதில் போத்தலில் பிடித்து விளையாடாதவர்கள் நம்மில் குறைவு. அதே மீனின் அழகிய இனங்கள் இன்று ரெஜிபோம் பெட்டிகளில் கட்டுநாயக்கவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகின்றன. இலங்கை ஏற்றுமதி செய்யும் நன்னீர் அலங்கார மீன்களில் முதலிடம் கப்பிக்குத்தான்.

இதைக் கேள்விப்பட்ட இளைஞர்கள் சிலர் கடைக்கு வந்து, "நானா, வீட்டுக்குப் பின்னால் நாலு தொட்டி கட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். பெரிய முதல் தேவையில்லை. வீட்டிலிருக்கும் பெண்களும் பங்கெடுக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்து இத்தொழிலைக் கைவிட்டவர்கள் மீனை நன்றாகவே வளர்த்தார்கள். விற்கும் இடத்தில்தான் விழுந்தார்கள்.

முதலில் வளர்ப்பைப் பார்ப்போம். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஒரு தாய் மீன் சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை 20 முதல் 50 வரை குட்டி போடும். 100 தாய் மீன் இருந்தால் மாதம் 3000 குட்டி என்று காகிதத்தில் கணக்குப் போடுகிறோம். பெற்ற தாயே குட்டியைத் தின்னும் என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீர்ப்பாசிச் செடியோ வலையோ போட்டுக் குட்டிகளைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது இனக் கலப்பு. மூன்று, நான்கு வாரத்தில் ஆண், பெண் அடையாளம் தெரிய ஆரம்பித்தவுடன் பிரித்துவிட வேண்டும். ஒரு தடவை ஆணுடன் சேர்ந்த பெண் மீன் அந்த வித்தைப் பல மாதங்கள் தன்னுள் வைத்திருந்து குட்டி போடும். ஒருநாள் அலட்சியத்துக்குப் பல மாதம் கலப்புக் குட்டிதான் கிடைக்கும். ஏற்றுமதிக்கு எடுப்பவர் ஒரே நிறம், ஒரே வால், ஒரே அளவு கேட்பார். கலந்த மீன் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போத்தலுக்குத்தான் போகும்.

புதிய சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விட்டால் சுண்ணாம்புக் காரத்தில் செத்துவிடும். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு, பல தடவை நீர் நிரப்பி இறைத்துவிட வேண்டும். குழாய் நீரென்றால் குளோரின் போகும்வரை திறந்து வைக்க வேண்டும். இவையெல்லாம் பழகினால் வந்துவிடும்.

இனி விற்பனை. 2021 ஆம் ஆண்டு என் மருமகன் 600 சோடி கப்பியை ஒருவரிடம் ஒப்படைத்தார். பேச்சு எல்லாம் தொலைபேசியில். மறுநாள், "பாதி வழியிலேயே நிறையச் செத்துவிட்டது" என்று செய்தி வந்தது. இரண்டு மாதம் கழித்து 400 சோடிக்கு மட்டும் சல்லி வந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். பொதி செய்வதற்கு முன் ஒருநாள் மீனுக்கு உணவு கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அதன் கழிவே பையிலுள்ள நீரை நஞ்சாக்கிவிடும். மருமகன் முந்திய இரவும் தீனி போட்டிருந்தார். பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதிக்கு ஒட்சிசனும் இருக்க வேண்டும் என்பதும் அன்று அவருக்குத் தெரியாது. பிழை யாருடையது? இன்றுவரை தெரியாது. எண்ணிக் கொடுத்ததற்கும் துண்டு இல்லை, எண்ணி எடுத்ததற்கும் துண்டு இல்லை.

ஆற்றில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விற்கக்கூடாது, அதில் கரர் இருக்கிறது என்பது பிக்ஹ் நூல்களில் பிரபலமான உதாரணம். தொட்டி மீன் நம் கைவசமுள்ள மீன்தான். ஆனால் எத்தனை, எந்தத் தரம், செத்தால் யார் பொறுப்பு, சல்லி எப்போது என்று பேசாமல் கொடுத்தால் அங்கும் அதே தெளிவின்மை வந்துவிடுகிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம். நாமோ எழுதக் கேட்டால், "என்னில் நம்பிக்கையில்லையா?" என்று கோபிக்கிறோம்.

கடைக்காரர்களாகிய நாமும் நெஞ்சில் கைவைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் மசி, ஊறுகாய், தும்பு விளக்குமாறு செய்து கொண்டுவரும் ஏழைக்கு, "விற்ற பிறகு வா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்? நானும் சொல்லியிருக்கிறேன். மருமகன் அந்த இரண்டு மாதமும் கடைக்கு வந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

ஆகவே, இறங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தொட்டிக்கு முன் வாங்குபவரைத் தேடுங்கள். அவர் கேட்கும் ஓர் இனத்தை மட்டும் சுத்தமாக வளருங்கள். விலை, தரம், எண்ணும் இடம், இறப்புக்குப் பொறுப்பு, பணம் தரும் நாள் ஆகிய ஐந்தையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதற்கு ரம்படகல்ல, கினிகத்தேனை போன்ற இடங்களில் அலங்கார மீன் நிலையங்கள் உண்டு. அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். நமது ஓடைகளுக்கே உரிய மீன்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. விசாரிக்காமல் அவற்றில் கைவைக்காதீர்கள். விற்காத மீனை ஆற்றில் கொட்டவும் வேண்டாம். 'டேங்க் கிளீனர்' மீன் நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது அப்படித்தான்.

இதையே முழுச் சீவனோபாயமாக்கிவிடவும் வேண்டாம். 2020 இல் விமானங்கள் நின்றபோது வாங்குபவர்கள் நின்றார்கள், மீன்கள் குட்டி போடுவதை நிறுத்தவில்லை. 2022 மின்வெட்டில் காற்று மோட்டார்களும் நின்றன. விற்பனை இல்லாவிட்டாலும் தீனி போட்டேயாக வேண்டும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நமக்குத் தெரியாததல்ல.

மருமகன் இப்போதும் மீன் வளர்க்கிறார், சிறிய அளவில். தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கொப்பி தொங்குகிறது. வாங்க வருபவர் எண்ணியபின் அதில் ஒப்பமிட்டுவிட்டுத்தான் பையைத் தூக்க வேண்டும். ஓரிருவர் முகம் சுளித்துப் போய்விட்டார்கள். மற்றவர்கள் திரும்ப வருகிறார்கள்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக.