ஒரு குழந்தை வீட்டுக்கு வருகிறாள், நாம் தயாரா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிறு இரவு படுக்கப் போகும் நேரத்தில் அமெரிக்காவிலிருந்து அழைப்பு. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். அவளும் கணவரும் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள்.

"டீச்சர், கலெக்டர் உத்தரவு வந்திடுச்சு. பாப்பாவுக்கு பாஸ்போர்ட்டும் வந்திடுச்சு. அடுத்த மாசம் கூட்டிட்டுப் போக வர்றோம்" என்றாள். ஆந்திராவில் ஓர் இல்லத்தில் இருக்கும் நாலரை வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள்.

"ரெண்டு பெட்டி கட்டிட்டேன் டீச்சர். கவுன், ஸ்வெட்டர், பொம்மை எல்லாம் வச்சாச்சு. செருப்பு சைஸ்தான் தெரியல. வேற என்ன மறந்திருக்கேன்?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், எங்க பேர் வேண்டாம். முக்கியமா அவ பேர் வேண்டாம்" என்றாள். யார் என்று கமெண்டில் கேட்காதீர்கள். தெரிந்தவர்களும் சொல்லாதீர்கள்.

காசு கொடுத்தால் குழந்தை கிடைத்துவிடும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது குற்றம். முறையான வழி மத்திய அரசின் 'காரா' அமைப்பு மூலம்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து வருமானம், உடல்நிலை, குடும்பம் எல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுவார். பிறகு குழந்தையின் அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் வரும். ஏற்றுக்கொண்டால் காராவின் தடையில்லாச் சான்று, அதன்பின் தத்து உத்தரவு. முன்பு நீதிமன்றம் கொடுத்த இந்த உத்தரவை 2022 முதல் மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். குழந்தையை அழைத்துக்கொண்டு டெல்லி போய் அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பு உண்டு. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அறிக்கை அனுப்ப வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று சலித்துக்கொள்கிறோம். 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அவர்களில் பலருக்குப் பொய்ப் பெயர், பொய்த் தாய், பொய்ச் சான்றிதழ். வளர்ந்து பெரியவர்களாகித் தாயைத் தேடி வந்தபோதுதான் காகிதம் பொய் என்று தெரிந்தது. இலங்கை உள்ளிட்ட நாடுகளில் நடந்த முறைகேடுகளை விசாரித்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. நம் நாட்டில் 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகள் வகுத்ததும் இதே கவலையால்தான். நமக்கு அலைச்சலாகத் தெரியும் அந்த ஃபைல்தான் நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஆதாரம்.

பெற்றோருக்கு அமெரிக்காவில் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி கட்டாயமாம். கேட்டதும் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. தாத்தா பாட்டி, அத்தை மாமா, அக்கம்பக்கம், ஆசிரியர், இவர்களுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள்? குழந்தை மனசு நோவது பெரும்பாலும் நம்மால்தானே? இப்படிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் நானே அந்தத் தவறைச் செய்தவள்.

ஊரும் வருஷமும் சொல்ல மாட்டேன். நான்காம் வகுப்பில் 'என் குடும்பம்' பாடம் நடத்தினேன். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படத்தை நோட்டில் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு பெண் மட்டும் மூன்று நாளாகியும் கொண்டுவரவில்லை. வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துத் திட்டினேன். மாலையில் அவள் அம்மா வந்தார். "மூணு வயசுலதான் டீச்சர் எங்ககிட்ட வந்தா. அதுக்கு முந்தின படம் எங்ககிட்ட இல்ல. அவளுக்கு எதுவும் தெரியாது" என்று தலை குனிந்து சொன்னார்.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அதைச் சொன்னேன். இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன். ஒரே வாரத்தில் விளையாட்டு மைதானத்தில் ஒரு பையன் அவளைப் பார்த்து "நீ எடுத்து வளர்த்த பொண்ணு" என்றான். அவள் அழவில்லை. என் மேசை அருகில் வந்து, "டீச்சர், எல்லாருக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வேறு பள்ளிக்கு மாறிவிட்டது.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துத் தேர்வு எழுதித்தான் வேலைக்கு வந்தேன். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தை அந்தச் சிறுமியிடம்தான் கற்றேன்.

அதிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். குழந்தையிடம் மறைக்கவும் கூடாது, ஊரிடம் பரப்பவும் கூடாது. நாம் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். ஊருக்கே தெரிந்திருக்கும், குழந்தைக்கு மட்டும் தெரியாது.

என் மாணவியிடம் நான் சொன்னவை சில. நீ மட்டும் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகவில்லை, அவளும்தான் புறப்படுகிறாள். அவளுக்குத் தெரிந்த சோறு, பாய், மொழி, ஆயாம்மா எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வரப் போகிறாள். அதனால் இல்லத்தில் கேட்டு எழுதிக்கொள்: இரவில் விளக்கு எரியுமா, யார் பக்கத்தில் படுப்பாள், எதைக் கண்டால் பயம், எதைச் சாப்பிட மாட்டாள். அவள் போட்டிருக்கும் பழைய உடுப்பைத் தூக்கி எறியாதே, துவைக்காமல் பத்திரமாக வை. இல்லத்தையும், அவளை வளர்த்த ஆயாம்மாவையும், அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொள். ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வாங்கு. வளர்ந்த பிறகு தன் வேர்களைத் தேட நம் விதிகளிலேயே இடம் இருக்கிறது.

மொழியையும் சொன்னேன். அவள் தெலுங்கு பேசும் குழந்தை. நீள்ளு என்றால் தண்ணீர், ஆகலி என்றால் பசி, நொப்பி என்றால் வலி. இந்த மூன்றாவது தெரியாமல் விமானம் ஏறாதே. பயம் என்பது இரண்டு மொழியிலும் பயம்தான். அம்மாவும் அப்படியே. ஆனால் அம்மா என்று கூப்பிடு என்று அவசரப்படுத்தாதே. அது அவளாக வரட்டும்.

குழந்தையின் பெயரை மாற்றவில்லையாம். வீட்டுப் பெரியவர்களுக்கு அதில் வருத்தம். அவள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நட்சத்திரம்கூடத் தெரியாது, பேராவது நம்ம பேரா வைக்கக் கூடாதா? நீங்க சொன்னா கேப்பா" என்றார். "அந்தப் பிள்ளை எல்லாத்தையும் விட்டுட்டு வருதும்மா. கையில கொண்டு வர்றது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் வாங்கி வச்சுக்கணுமா?" என்றேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தெலுங்குல சாப்பிட்டியான்னு எப்படிக் கேக்கணும்?" என்றார். "திந்நாவா" என்று சொல்லிக் கொடுத்தேன்.

உறவுகளுக்கு என் வேண்டுகோள். இப்படி ஒரு குழந்தை உங்கள் குடும்பத்துக்கு வந்தால், சொந்தத் தாய் யார், என்ன ஜாதி என்று கேட்காதீர்கள். "புண்ணியம் பண்ணினீங்க" என்று பெற்றோரைப் புகழாதீர்கள், குழந்தை தர்மத்துக்கு வந்தவள் அல்ல. "உனக்கு அதிர்ஷ்டம்" என்று குழந்தையிடமும் சொல்லாதீர்கள், இழந்ததை அவள்தான் அறிவாள். முதல் நாளே பத்துப் பேர் போய்த் தூக்காதீர்கள். பிறந்த பேத்திக்குச் செய்வதை இவளுக்கும் அப்படியே செய்யுங்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் 'என் குடும்பம்' பாடம் வரும்போது, எந்த வயதுப் படமானாலும் சரி என்று சொல்லுங்கள்.

அந்த நான்காம் வகுப்புப் பெண்ணும் ஒருவேளை இதைப் படிக்கலாம். அம்மா, அன்று நீ கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன். ஆமாம், தெரியும். சொன்னது நான்தான். என்னை மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்