வுழூவும் வீதியோரக் குப்பையும்

தூய்மையை ஈமானின் பாதியாக வைத்த மார்க்கம் எமது மார்க்கம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையோடுதான் எனக்கு வழக்கு.

நபிகளார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில், வுழூச் செய்தார்கள். நாமோ குழாயை முழுவதும் திறந்துவிட்டு, பக்கத்திலிருப்பவரோடு அரசியல் பேசியவாறே கால் கழுவுகிறோம். ஆடையில் ஒரு துளி நஜீஸ் பட்டால் பதறுகின்ற நாம், இரவானதும் வீட்டுக் குப்பையைப் பொலித்தீன் பையில் கட்டி அடுத்தவர் மதிலோரம் வைத்துவிட்டு வருகிறோம். மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபிகளார் தடுத்தது எத்தனை குத்பாக்களில் சொல்லப்படுகிறது? அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் மாண்ட செய்தி 2022 இல் உலகெங்கும் போனது. அங்கு குவிந்ததில் எமது ஊர்களின் குப்பையும் உண்டு. யானை இனம் பார்த்துத் தின்பதில்லை!

கப்றில் வேதனை செய்யப்பட்ட இருவரைப் பற்றிய ஹதீஸ் நாமெல்லோரும் அறிந்ததே. ஒருவர் சிறுநீரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளாதவர். மற்றவர் கோள் சொல்லித் திரிந்தவர். உடலின் அழுக்கும் நாவின் அழுக்கும் அங்கே அருகருகே வைக்கப்பட்டுள்ளன. முதலாமவர் குறித்து மத்ரஸாக்களில் நாட்கணக்கில் பாடம் நடக்கிறது. இரண்டாமவரோ இஷா முடிந்ததும், வுழூவின் ஈரம் உலருமுன்னரே, பள்ளிவாசல் படிக்கட்டில் தமது தொழிலை ஆரம்பித்துவிடுகிறார். நிர்வாக சபைத் தெரிவு நெருங்கும் மாதங்களில் அந்தப் படிக்கட்டைக் கடப்பதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.