கிருதுமாலைத் தூர்வாரினால் மட்டும் போதாது

மதுரையை அடுத்த நாகமலை, துவரிமான் பக்கம் மழைநீரில் பிறக்கும் கிருதுமால் நதி, நகருக்குள் காளவாசலை அடுத்த பொன்மேனியைத் தாண்டுவதற்குள் சாக்கடையாகிவிடுகிறது. பாகவத புராணத்தில் இடம்பெற்ற நதிக்கு இந்தக் கதி. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் பொக்லைன் இறங்குகிறது. பாலித்தீன் பைகளும் கிழிந்த மெத்தைகளும் கலந்த கறுப்புச் சேறு கரையில் குவிகிறது. லாரி வருமுன் மழை வந்துவிட்டால் பாதிச் சேறு திரும்பவும் உள்ளேதான். சேற்றை அள்ளுகிறோமே தவிர, அது வந்து சேரும் வழியை அடைப்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஊரல்ல மதுரை. அவனியாபுரத்தில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர், சக்கிமங்கலத்தில் 4.57 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையங்கள் உள்ளன. ஆனால், பாதாளச் சாக்கடையில் இணையாத வீட்டின் கழிவுநீர் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? 2011-இல் மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தது. குழாய்கள் அந்த வேகத்தில் விரியவில்லை. குப்பையின் கதையும் இதுதான். வாய்க்காலில் விழும் பாலித்தீன் பாலத்தடியில் அடைத்துக்கொள்கிறது. தேங்கும் கழிவுநீரில் கொசு பெருகுகிறது. நிலத்தடி நீரும் கெடுகிறது. நதி மதுரையோடு முடிவதுமில்லை. நரிக்குடி பக்கத்து விவசாயிகளுக்கு அது பாசன நதி.

மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்பார்கள் சிலர். மூடினால் நாற்றம் மறையும், கழிவு மறையாது. அடைப்பு எடுப்பதும் கடினமாகும். மக்கள் குப்பையைப் பிரித்துத் தரமாட்டார்கள் என்பது அடுத்த வாதம். பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டிக் கலந்தால் யார்தான் பிரிப்பார்கள்? கடைசியில் அதைக் கையால் கிளறுபவர் தூய்மைப் பணியாளர். பணமில்லை என்றால், ஆண்டுதோறும் தூர்வாரும் பணம் எங்கிருந்து வருகிறது?

எனவே, பொன்மேனியிலிருந்து தொடங்கி கிருதுமாலில் திறந்துவிடப்பட்டுள்ள ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயையும் மாநகராட்சி கணக்கெடுத்து, வார்டு வாரியாகப் பட்டியலை வெளியிட வேண்டும். கெடு விதித்து அவற்றைப் பாதாளச் சாக்கடையில் இணைக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களுக்கு 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் தனிப்பொறுப்பு வைத்தன. அந்த அளவைத் தாண்டும் ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் மக்கும் கழிவைத் தம் செலவிலேயே உரமாக்கட்டும். மீறினால் அபராதம் விதிக்கத் தயங்கக் கூடாது. இவற்றைச் செய்யாமல் அடுத்த மழைக்கு முன்னும் பொக்லைனை மட்டும் இறக்கினால், அது மக்கள் வரிப்பணத்தைச் சேற்றில் கொட்டுவதுதான்.