குற்றம் உறுதி, தண்டனை கால்வாசி

பிளே ஸ்டோரில் கூகுள் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது உண்மை என்று ஒப்புக்கொண்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், போட்டி ஆணையம் விதித்த 936.44 கோடி ரூபாய் அபராதத்தை 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது. நாலில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பிளே ஸ்டோர் வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது தீர்ப்பாயத்தின் வாதம். ஆண்ட்ராய்டு, தேடல், யூடியூப், விளம்பரம் எல்லாம் ஒன்றையொன்று தாங்குவதால்தான் அந்தக் கடைக்கு இவ்வளவு பலம். அபராதக் கணக்கில் மட்டும் அதைத் தனிக்கடையாகப் பிரிப்பது என்ன நியாயம்?

இது ஏகபோகமா என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் நூறு ஸ்மார்ட்போனில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து ஆண்ட்ராய்டு. செயலி உருவாக்குகிறவர் வேறெங்கே போவார்? செயலிக்குள் நடக்கும் 100 ரூபாய் டிஜிட்டல் விற்பனையில் 15 முதல் 30 ரூபாய் வரை கமிஷன். போட்டி ஆணையத்தின் 2022 உத்தரவுக்குப் பிறகு வேறு கட்டண வசதியை வைத்துக்கொள்ளலாம் என்றது கூகுள். கமிஷனில் குறைந்தது நாலே ரூபாய். பணம் வசூலித்துத் தரும் அந்த இன்னொரு நிறுவனத்துக்கும் இதற்குள்தான் கொடுத்தாக வேண்டும். பிறகு யார் மாறுவார்கள்? கமிஷன் தர மறுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னையின் திருமணத் தளமான பாரத் மேட்ரிமோனி கண்டது. 2024 மார்ச் 1 அன்று அதன் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கப்பட்டன. மத்திய அரசு குறுக்கிட்ட பிறகே திரும்பின. ஒரு தொழிலை ஒரே நாளில் வாடிக்கையாளரின் கண்ணிலிருந்து மறைக்க முடிகிறதென்றால், ஏகபோகத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?

தீர்ப்பாயம் இப்படி நடப்பது முதல்முறையல்ல. 2023 மார்ச்சில், ஆண்ட்ராய்டு வழக்கில் 1,337.76 கோடி அபராதத்தை உறுதிசெய்த கையோடு, ஆணையத்தின் முக்கியமான நாலு கட்டளைகளை ரத்து செய்தார்கள். பிளே ஸ்டோருக்குள் போட்டிக் கடைகளை அனுமதிக்க வேண்டும், போனோடு ஏற்றி வரும் செயலிகளை நீக்க விட வேண்டும் என்பவை அவற்றில் அடக்கம். பணத்தைக் கட்டிவிட்டுப் பழைய வழக்கத்தைத் தொடரலாம் என்று சொன்னதாகத்தானே ஆயிற்று! தேடல் வழக்கில் 2018-ல் விதித்த 135.86 கோடி அபராதத்தின் மீதான மேல்முறையீடோ ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதற்கு மூலமான புகார் 2012-ல் கொடுக்கப்பட்டது.

உலகளாவிய விற்றுமுதலை வைத்து அபராதம் விதிக்க வழிசெய்து நாடாளுமன்றம் 2023-ல் போட்டிச் சட்டத்தையே திருத்தியது. பழைய வழக்குக்கு அது பொருந்தாது என்பார்கள். பொருந்தாவிட்டாலும், அந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பது தீர்ப்பாயத்துக்குத் தெரியாதா? உச்ச நீதிமன்றம் இந்த அபராதக் கணக்கை அடியோடு திரும்பப் பார்க்க வேண்டும். செயலிச் சந்தையைக் கூகுளின் பிடியிலிருந்து விடுவிக்க அரசும் இனியாவது உருப்படியாக ஏதேனும் செய்தாக வேண்டும்.