ஒரு மாணவிக்காகத் திறந்த கல்லூரி

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் காளிகட்டத்தையும் தட்சிணேசுவரத்தையும் நன்கறிவர். பிதான் சரணியில் ஹெதுவா குளத்தருகே நிற்கும் பெத்தூன் கல்லூரியை அறிந்தோர் சிலரே. பெண்மக்களைப் பெற்றோர் அறிய வேண்டிய இடமாதலின், இம்மாதம் அதனைப் பற்றிச் சில சொற்கள்.

1849 மே 7 அன்று, கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினராயிருந்த ஜான் டிரிங்க்வாட்டர் பெத்தூன் 21 சிறுமியருடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெண்ணை வெளியே அனுப்புதல் குலத்துக்கு இழுக்கென்று ஊர் ஏசிய காலம் அது. பண்டிதர் மதன்மோகன் தர்க்காலங்கார் தம் இரு புதல்வியரையும் அங்குச் சேர்த்தார். ஈசுவர சந்திர வித்யாசாகர் அதன் செயலாளராய் உழைத்தார்.

கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றிற்று. எனினும் அதன் பரீட்சைகள் ஆடவர்க்கே உரியனவாயிருந்தன. 1876இல் சந்திரமுகி பாசு என்னும் பெண் தனி அனுமதி பெற்றுப் பிரவேசப் பரீட்சை எழுதினார்; தேறியும் அவர் பெயர் பட்டியலில் ஏறவில்லை. 1878இல்தான் கதவு திறந்தது. அவ்வாண்டு தேறிய காதம்பினி பாசு மேலும் பயில விரும்பினார். அவர் ஒருவர் பொருட்டே 1879இல் பெத்தூன் பள்ளியில் கல்லூரி வகுப்பு தொடங்கப்பெற்றது. 1883இல் இருவரும் பட்டதாரிகளாயினர். சந்திரமுகி பின்னர் அக்கல்லூரிக்கே முதல்வரானார். காதம்பினி மணம் புரிந்து, மருத்துவம் பயின்று, 1893இல் எடின்பரோ சென்று மேலும் தகுதி பெற்றுத் திரும்பினார். மணமும் கல்வியும் ஒன்றையொன்று தடுக்கவில்லை என்பது காண்க.

நிற்க. நம் குடியிருப்புகளில் நடப்பதென்ன? பையன் தேறினால் கல்லூரி விண்ணப்பம் வாங்குகிறோம். பெண் தேறினால் ஊருக்குப் பயணச்சீட்டு வாங்குகிறோம். வங்காளி தெரியாது, போய்வரத் துணையில்லை, ஊரில் வரன் காத்திருக்கிறது என்று காரணங்களை அடுக்குகிறோம். இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு ஒன்று தெரியும்: ஊருக்குச் செல்லும் வண்டி அடுத்த ஆண்டும் ஓடும், விட்ட படிப்போ பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

மெட்ரிகுலேஷனோடு நின்ற நாம் அறிவுரை கூறத் தகுதியுடையோம் அல்லோம். ஆயினும் நின்றுபோன படிப்பின் அருமையை நம்மைப் போன்றவரே நன்கறிவர். ஒரு மாணவிக்காக ஒரு கல்லூரியே திறந்த நகரம் இது. இங்கு வாழும் நாம், நம் வீட்டு மாணவி ஒருத்திக்காக ஊர்ப் பயணத்தைச் சற்றே ஒத்திவைத்தல் ஆகாதா? தேர்வு முடிவு வந்ததும், சீட்டு வாங்குமுன், அப்பெண்ணை அழைத்து அவள் விருப்பம் யாதென ஒருமுறை கேளுங்கள்.